நொச்சி வேலியும் முருங்கன் களியும்

எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கு நாரி பிடித்துவிட்டால், பரியாரியார் வீட்டுக்கு ஆள் போகுமுன் நொச்சி வேலிக்கு ஆள் போய்விடும். தெற்கு வேலி முழுக்க நொச்சி நின்ற வளவு ஒன்று இருந்தது. வேலி அந்த வீட்டுக்காரருடையது. இலை ஊருக்குப் பொது. யாரும் முறிக்கலாம். ஆனால் எதற்காக முறிக்கிறோம் என்று வீட்டுக்காரிக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். "அவருக்கு ராத்திரி தொடக்கம் நிமிர ஏலாமல் கிடக்கு, அக்கா" என்று வேலிக்கு மேலால் ஒரு குரல் கேட்கும். பின்னேரம் அந்த அக்கா தன் வேலையை முடித்துக்கொண்டு நோயாளியைப் பார்க்க வந்துவிடுவார். ஒரு மனிதரின் நாரிப்பிடிப்பு ஊருக்குத் தெரியவருவது இலை முறித்த கையோடுதான்.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் மணியோசை காற்றோடு வந்து சேரும் இடம் எங்கள் ஊர். ஒருபுறம் கீரிமலைக் கடல். மறுபுறம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி. இடையில் செம்மண் தோட்டங்கள். வெங்காயம் நடுவது, புகையிலைக்குத் தண்ணீர் கட்டுவது, மரவள்ளி கிளப்புவது, எல்லாமே குனிந்து செய்யும் வேலைகள். தோட்டத்தில் குனியாத ஆண்கள் தொழிற்சாலையில் குனிந்தார்கள். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் என் அப்பாவும் வேலை செய்தார். சீமெந்து மூட்டை ஒன்று ஓர் அந்தர். இரவுச் சிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்து இறங்கும்போது, கால் நிலத்தில் பட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஹாண்டிலைப் பிடித்தபடி நிற்பார். அப்பாச்சி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போவார். சட்டி அடுப்பில் ஏறும் சத்தம் கேட்கும்.

அப்பாச்சியின் ஒத்தணத்துக்கு ஊமற்கரி நெருப்புத்தான் வேண்டும். பனங்கொட்டையின் கிழங்கு எடுத்து, பூரான் தின்று, மிஞ்சிய ஊமல் எங்கள் வளவில் குவிந்து கிடக்கும். அதில் எடுத்த கரி புகையாமல், சீறாமல், ஒரே சீராக எரியும். மண்சட்டியில் ஆனையிறவுக் கல்லுப்பைப் போட்டு வறுப்பார். உப்புக் கல்லுக்குள் அடைபட்ட ஈரம் சூட்டில் வெடித்துப் படபடவென்று பொரியும். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் உப்புப் பதம். பழைய வேட்டித் துண்டில் கொட்டி, பொட்டளியாக முடிந்து, முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். பிறகு முழங்கையின் உட்பக்கம். அதன் பின்னரே அப்பாவின் நாரி.

முதல் நாலைந்து ஒற்றல்கள் தொட்டும் தொடாமலும் இருக்கும். சூடு குறையக் குறையப் பொட்டளி நின்று நின்று இறங்கும். கடைசியில் உள்ளங்கை முழுவதையும் வைத்து அழுத்துவார். அதற்குள் மற்றப் பொட்டளி சட்டியின் மேலே சூடேறிக்கொண்டிருக்கும். "தாங்குதோ மோனை?" என்று ஒவ்வொரு மாற்றத்திலும் கேட்பார். அப்பா "ம்" என்றால் போதாது. "தாங்குது" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சத்தத்தில் இருந்துதான் நோவு எங்கே ஏறியிருக்கிறது, எங்கே இறங்கியிருக்கிறது என்று அப்பாச்சி அறிந்துகொள்வார்.

பிற்காலத்தில் படிக்கும்போது, அந்தக் கேள்விக்குள் எவ்வளவு உடலறிவு இருந்தது என்று விளங்கியது. நம் தோலின் நரம்பு முனைகளில் சூட்டை அறியும் வாயில்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 43 பாகை செல்சியசுக்கு மேல் அவற்றுள் ஒன்று திறந்து, இனி இது எரிவு என்று மூளைக்குச் சொல்கிறது. அந்த வாயிலைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியசுக்கு, தொடுகையின் வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்த்து, 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒத்தணம் பிடிப்பவர் அந்த எல்லைக்குக் கீழே, ஆனால் அதற்குக் கிட்ட, சூட்டை நிறுத்தி வைக்க வேண்டும். அங்கே குருதிக் குழாய்கள் விரிகின்றன, இறுகிய தசை இளகுகிறது. தோலில் இருந்து போகும் தொடுகை உணர்வு முள்ளந்தண்டில் நோவின் செய்தியை மறித்துக் குறைக்கும் என்ற கருத்தை மெல்சாக்கும் வோலும் 1965இல் முன்வைத்தார்கள். அதே காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாச்சி தன் புறங்கையை வெப்பமானியாக வைத்துக்கொண்டு அதையே செய்துகொண்டிருந்தார்.

எல்லா நோவுக்கும் உப்பு இல்லை. நாரிக்கு நொச்சியிலையை நல்லெண்ணெய் விட்டு வதக்கிக் கட்டுவார்கள். முழங்கால் மூட்டுக்கு ஆமணக்கிலை. குழந்தைகளின் வயிற்றுக்கு வறுத்த தவிடு, அது மெத்தென்று இருக்கும் என்பதால். குதிக்கால் நோவுக்குச் செங்கல்லைச் சுட்டு, அதன் மேல் எருக்கிலை பரப்பி, காலை மெல்ல வைத்து எடுக்கச் சொல்வார்கள். சுளுக்குக்குப் புளியையும் உப்பையும் கரைத்துக் காய்ச்சி இளஞ்சூட்டில் பற்று. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நொச்சி, வேம்பு, ஆமணக்கு, பாவட்டை, புளியிலை எல்லாம் சேர்த்துப் பெரிய பானையில் அவித்து வேது. அந்த வேதுத் தண்ணீரை ஊற்றுவதற்கென்றே கைராசிக்காரர் ஒருவர் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருந்தார். முதுகில் தண்ணீரை எவ்வளவு உயரத்தில் இருந்து ஊற்றினால் உளைவு எடுபடும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இவை எழுத்தில்லாத வீட்டுப் பழக்கங்கள் மட்டும் என்று நினைக்கக் கூடாது. சித்த மருத்துவம் வெளி மருந்துகளை 32 வகையாகப் பிரித்திருக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், வேது, பொட்டணம், தொக்கணம் என்று அந்த வரிசை போகும். எங்கள் மண்ணில் யாழ்ப்பாண அரசர் காலத்திலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் பெயர்களில் மருத்துவ நூல்கள் எழுந்தன. பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பல பாகங்களாக அச்சேற்றினார். அதற்கும் முன்னரே, 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, அதற்கான நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஏட்டு மருத்துவமும் அச்சு மருத்துவமும் இப்படிப் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நடந்த நாட்டில்தான் எங்கள் அடுப்படி மருத்துவமும் நடந்தது.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்த நினைவு நிறைவதில்லை.

எங்கள் தோட்டத்து வரம்பில், பனையடியில், ஒரு புற்று இருந்தது. அதை நாகதம்பிரான் இருப்பிடமாக வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் விளக்கு. முழங்கால் நோவுக்கு அந்தப் புற்றுமண் வேண்டும் என்றால், முதலில் கும்பிட்டு, பிறகு மழையில் தானாக உதிர்ந்து அடியில் கிடக்கும் மண்ணை மட்டும் அள்ளுவார்கள். புற்றைக் கொத்துவது இல்லை. கறையான் மணி மணியாகத் தேர்ந்து, தன் உமிழ்நீரால் ஒட்டிக் கட்டிய மண் அது. கல் இல்லை, பரல் இல்லை. அரிதட்டில் அரிக்கத் தேவையே இருக்காது. வெந்நீர் விட்டுக் குழைத்து, விரல் கனத்தில் முழங்காலைச் சுற்றி அப்பி, வாட்டிய ஆமணக்கிலையால் மூடி, சீலைத் துண்டால் கட்டுவார்கள். உப்புப் பொட்டளி தன் சூட்டைச் சடுதியில் கொடுத்துவிட்டு ஆறும். மண் மெல்ல மெல்லக் கொடுக்கும். ஈரம் பிடித்த களிக்கு அந்தப் பொறுமை உண்டு.

அப்பாவின் தொழிற்சாலைக்கும் களிமண் வேண்டியிருந்தது. சுண்ணாம்புக்கல் எங்கள் காலடியிலேயே இருந்தது. களி மட்டும் மன்னார்ப் பக்கத்து முருங்கனில் இருந்து வந்தது. கறுத்து, ஒட்டி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் வயல் மண். ஒருநாள் அப்பா சாப்பாட்டுப் பைக்குள் ஒரு கட்டி கொண்டுவந்தார். அப்பாச்சி அதை நனைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்துப் பார்த்தார். "இது தண்ணியைக் குடிச்சுக்கொண்டே கிடக்குது" என்றார். சரியாகச் சொன்னார். முருங்கன் மண்ணில் மிகுந்திருக்கும் களிக்கனிமம் ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஏடுகளுக்கு இடையே நீரை இழுத்து வைத்துக்கொண்டு பருக்கும். நீர் நின்றால் சூடும் நிற்கும். அன்றிலிருந்து மாரிகாலத்து முழங்கால்களுக்கு முருங்கன் களி, மற்ற நாட்களுக்குப் புற்றுமண் என்று அப்பாச்சி பிரித்துக்கொண்டார். சீமெந்தாகப் போக வேண்டிய மண்ணில் ஒரு பிடி, சீமெந்து சுமந்தவர்களின் மூட்டில் ஏறியது.

டிஸ்பென்சரியில் அப்போதிக்கரி ஐயா வைத்திருந்த மருந்தும் மண்ணாகவே இருந்தது. அண்டிபுளோஜிஸ்டின் என்ற பெயரில் தகரப் பேணியில் வரும் வெள்ளைப் பசை அது. வெண்களியைக் கிளிசரினில் குழைத்து, மணமுள்ள எண்ணெய் சேர்த்தது. அமெரிக்காவின் டென்வரில் தொடங்கிய கம்பனி ஒன்றின் உற்பத்தி. பேணியோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, துணியில் பூசி நெஞ்சிலோ மூட்டிலோ ஒட்டுவார். அப்பாச்சி அதை முகர்ந்து, விரலில் எடுத்துப் பார்த்து, நல்ல மண் என்று ஒப்புக்கொண்டார். அப்போதிக்கரி ஐயாவும் அப்பாச்சியின் பற்றைப் பழித்ததில்லை. "பழைய நோவுக்குப் போடுங்கோ ஆச்சி, புண்ணிலை மாத்திரம் மண் படக்கூடாது, ஏற்பு வந்திடும்" என்பார். அப்பாச்சிக்கும் அந்த விலக்குகள் தெரியும். வீங்கிக் கொதிக்கும் புதுச் சுளுக்குக்குச் சூடு வைக்க மாட்டார். காய்ச்சல்காரருக்கு வைக்க மாட்டார். சலரோகத்தால் கால் மரத்தவர்களுக்குத் "தாங்குதோ" என்று கேட்டுப் பயனில்லை என்று சொல்லி, அவர்களைப் பரியாரியாரிடம் அனுப்புவார். எங்கே கையை எடுக்க வேண்டும் என்று அறிந்திருந்ததால்தான் அந்தக் கையை ஊர் நம்பியது.

நிலமே சூட்டை ஏந்தி நிற்கும் இடம் ஒன்றையும் அப்பாச்சி பார்த்திருக்கிறார். பெரியப்பா திருகோணமலையில் வேலையாக இருந்த காலத்தில் கன்னியாவுக்குப் போனோம். சிறிய, ஆழம் குறைந்த ஏழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். தாயார் இறந்தார் என்று நம்பிய இராவணன் கடன் கழிக்க நிலத்தைக் குத்தியபோது பீறிட்ட நீர் என்பது ஐதீகம். அந்தியேட்டிக்கு வந்தவர்கள் ஈரவேட்டியோடு நின்றார்கள். இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடேறி மீண்டும் மேலே வருகிறது. அப்பாச்சி கிணறு கிணறாகக் கை நனைத்துப் பார்த்து, தன் தோள்மூட்டுக்கு ஏற்றதைத் தேர்ந்தார். வாளி வாளியாக அம்மா ஊற்றினார். எங்கள் கீரிமலைக் கேணியோ குளிர்ந்த நன்னீர், கடலுக்குப் பக்கத்தில் ஊறுவது. மாருதப்புரவீகவல்லியின் குதிரை முகத்தையும் குன்மநோயையும் தீர்த்தது என்று புராணம் சொல்லும் நீர். குளிரும் சூடும் இரண்டுமே நோவுக்கு மருந்தாகும் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்னே அறிந்திருந்தோம்.

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் தொடங்கியது. வலிகாமம் வடக்கின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. சில நாளில் திரும்பலாம் என்றுதான் எல்லோரும் வெளியேறினோம். தாய் உறுதி, அடையாள அட்டை, இரண்டு பானை, ஒரு மூட்டை உடுப்பு. நொச்சி வேலியை யாரும் தூக்கிக்கொண்டு வர முடியாது. தொழிற்சாலை நின்றது. முருங்கன் களி வரவும் நின்றது. தெற்கே தஞ்சம் புகுந்த ஊரில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தோம். மண்ணெண்ணெய் போத்தில் கணக்கில் வாங்கும் பொருளாயிற்று. இறைப்பு மெஷின்கள் ஓய, தோட்டக்காரர் மறுபடியும் துலாவுக்குப் போனார்கள். நாரிகள் முன்னைவிட நொந்தன. மருந்துக் கடைகளிலோ நோ குளிசை தட்டுப்பாடு. அந்த ஆண்டுகளில் ஒத்தணம் எங்கள் அயலில் ஒரு மறுவாழ்வு பெற்றது. ஆனால் இலைக்கு யாருடைய வேலிக்குப் போவது என்பதை முதலில் இருந்து கேட்டுப் பழக வேண்டியிருந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, போர் நெருங்க, வலிகாமமே பெயர்ந்தது. லட்சக்கணக்கான சனம் மழையில், ஒரே தெருவால், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலை மண்டபத்தில் நாங்கள் ஒதுங்கினோம். முழு இரவும் நடந்த கால்களோடு கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் சுவரோரம் சாய்ந்திருந்தார்கள். தன் காலே வீங்கியிருந்த அப்பாச்சி மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டச் சொன்னார். உப்புக் கிடைக்கவில்லை. களியும் இல்லை, தென்மராட்சி மணல் பூமி. ஒரு கணம் யோசித்துவிட்டு முற்றத்து வெண்மணலை அள்ளச் சொல்லி, அதை வறுத்து, யாரோ கிழித்துக் கொடுத்த சீலைத் துண்டில் முடிந்தார். விடியும் வரை அந்த மண்டபத்தில் பெயர் தெரியாத ஆட்களின் முதுகுகளுக்கும் முழங்கால்களுக்கும் பொட்டளி கைமாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் தன் புறங்கையில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவரில் வைத்தார்கள். எந்த ஊரார் என்று கேட்க அவசியம் இருக்கவில்லை. எல்லோரும் ஒரே முறையில் பழகியவர்கள்.

அப்பாச்சி சொந்த ஊரைப் பிறகு காணவில்லை. தென்மராட்சியிலேயே கண்ணை மூடினார்.

கால் நூற்றாண்டு கழிந்து, எங்கள் ஊரை விழுங்கிய இராணுவப் பாதுகாப்பு வலயத்தில் இருந்து காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டபோது எங்கள் துண்டும் திரும்பியது. ஒழுங்கையின் தடமே தெரியவில்லை. வேலிகளை வழித்துவிட்டிருந்தார்கள். நொச்சி நின்ற வளவைக் கிணற்றுக்கட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. திண்ணையில், அப்பா குப்புறப் படுத்து ஒத்தணம் வாங்கிய இடத்தில், நெஞ்சளவு உயரத்துக்குப் புற்று எழுந்திருந்தது. வரம்பில் கும்பிட்டு அள்ளிய மண், ஆளில்லாத வீட்டைத் தன் வீடாக்கிக்கொண்டிருந்தது. என்னோடு வந்த இளம்பிள்ளைகள் அதை இடித்துத் துப்புரவாக்கக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் பிழையில்லை. அந்த மண்ணின் மற்ற உபயோகத்தை அவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

இழப்புகளைப் பதியப் படிவங்கள் தந்தார்கள். வீடு, கிணறு, தென்னை, பனை, மாடு என்று நிரல்கள் இருந்தன. எழுதினோம். நொச்சி வேலிக்கு நிரல் இல்லை. புற்றுக்கு இல்லை. எந்த இலையை எந்த நோவுக்கு எந்தச் சூட்டில் வைப்பது என்ற கைப்பழக்கத்துக்கு இல்லை. என் மனதில் இன்றும் ஆறாத கணக்கு அது. எங்கள் ஊரின் மருத்துவம் ஊரின் நிலத்தில் விரிந்து கிடந்தது. இலை ஒரு வளவில், மண் ஒரு வரம்பில், உப்பு ஒரு களப்பில், தண்ணீர் ஊற்றும் கை இன்னோர் ஒழுங்கையில். சனத்தை நிலத்தில் இருந்து பிரித்தபோது அதன் துண்டுகள் ஒன்றையொன்று தொலைத்தன. இறந்தவர்களையும் இடிந்தவற்றையும் எண்ணுகிற நாம், இதையும் இழப்பென்று எண்ணத் தொடங்க வேண்டும்.

அறிவு முற்றாக அழியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் தோள்மூட்டு இறுகி, கொழும்பில் இயன்மருத்துவரிடம் போனேன். வெந்நீர்த் தொட்டியில் இருந்து கனத்த துணிப் பை ஒன்றைத் தூக்கி, துவாய்களை மடித்து மடித்துச் சுற்றி, என் தோளில் வைத்தார். உள்ளே என்ன என்று கேட்டேன். பென்ரனைற் என்னும் களி என்றார். முருங்கன் மண்ணில் நீரைக் குடித்துக்கொண்டு கிடந்த அதே களிக்குடும்பம். அந்தப் பிள்ளையும் சில நிமிடத்துக்கு ஒருதரம் வந்து, சூடு தாங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தியசாலைச் சுவர்களுக்குள் அந்தக் கேள்வி உயிரோடு இருப்பதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. கைதடியில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் 32 வகையையும் பாடமாகப் படிக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

ஆனால் ஊர்க்கையில் இருந்ததை ஊரில்தான் வாங்க வேண்டும். உப்புப் பொரியும் சத்தம் எந்த நேரத்தில் ஓயும், நொச்சி எந்தப் பதத்தில் வதங்கும், பொட்டளி எந்தக் கணத்தில் ஒற்றலில் இருந்து அழுத்தலுக்கு மாறும் என்பவற்றை எந்தப் பாடநூலும் முழுதாகத் தாங்காது. அதை அறிந்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். 70ஐயும் 80ஐயும் கடந்துவிட்டார்கள். சிலர் திரும்பிய காணிகளில் கொட்டில் போட்டு இருக்கிறார்கள், சிலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிள்ளைகளோடு. நொச்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தடியை முறித்து ஊன்றினால் ஒரு மாரிக்குள் தளிர்த்துவிடும். கைகளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவர்களிடம் போகிறவர்கள் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு எழும்பி வந்துவிடாதீர்கள். உங்கள் நாரியைக் காட்டி, ஒத்தணம் பிடித்துவிடச் சொல்லுங்கள். பிறகு பொட்டளியை வாங்கி அவர்களுக்குப் பிடித்துவிடுங்கள். சூடு எவ்வளவு என்று அவர்கள் உங்களைத் திருத்துவார்கள். அப்படித்தான் அது அப்பாச்சிக்கு வந்தது. இனி வருகிறவர்களுக்கும் வேறு வழியில் வராது.